ஒரு டாலரின் விலை 23,400 டாலர்

அமெரிக்காவில் 60 வயதான ஒரு கணவன், மனைவி. இருவருக்கும் அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு இல்லை. முதியோருக்கான மெடிகேர் கிடைக்க இன்னும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். 2026-இல் அவர்களுடைய மொத்த வருமானம் 84,600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அரசு அமைத்த காப்பீட்டுச் சந்தையில், மானியக் கணக்குக்கு அளவாக வைத்திருக்கும் திட்டத்தை வாங்கினால், அவர்கள் பங்கு ஆண்டுக்குச் சுமார் 8,426 டாலர். மீதிப் பிரீமியத்தை அரசு கட்டும்.

அதே தம்பதியின் வருமானம் 84,601 டாலர் ஆகிவிட்டால்? அரசின் பங்கு பூஜ்யம். 2026-க்கான நாட்டுச் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால், முழுப் பிரீமியம் சுமார் 31,850 டாலர் வருகிறது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. கூடுதலாகச் சம்பாதித்த ஒரு டாலருக்காக 23,400 டாலருக்கு மேல் கையைவிட்டுப் போகிறது.

2021 முதல் 2025 வரை இந்த நிலை இல்லை. அந்த ஐந்து ஆண்டும், காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் யாரும் அந்த அளவுத் திட்டத்துக்காக வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் தரவேண்டியதில்லை என்று சட்டம் சொன்னது. இந்தத் தம்பதி 7,191 டாலரோடு முடித்திருப்பார்கள். அந்தச் சட்டம் 2025 டிசம்பர் 31-ஆம் தேதி காலாவதியானது. அது என்ன வாங்கித் தந்தது, அதற்கு எவ்வளவு செலவானது, அது போனதில் யார் தலையில் எவ்வளவு ஏறியது என்று பேரேட்டைப் பிரித்து வரிவரியாகப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

வாங்குகிறவர்கள் யார்?

அமெரிக்கர்களில் பெரும்பாலோர் தனியாகக் காப்பீடு வாங்குவதில்லை. வேலை பார்க்கும் வயதினரிலும் பிள்ளைகளிலுமாக 15 கோடிக்கு மேற்பட்டோருக்கு நிறுவனங்கள் வழியாகக் காப்பீடு வருகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிகேர். மிக ஏழைகளுக்கு மெடிக்கெய்டு. இந்த மூன்றிலும் சேராதவர்களுக்கு மிஞ்சியது தனிநபர் சந்தை.

சொந்தமாகச் சின்னத் தொழில் நடத்துபவர், வாடகைக் கார் ஓட்டுபவர், முடிதிருத்துபவர், ஒப்பந்த எழுத்தர், 58 வயதில் வேலை போனவர் என இங்கே வருகிறவர்கள் பலவகை. இந்தச் சந்தையில் வாங்கும் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 25 பேருக்குக் குறைவான சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், அல்லது சுயதொழில் செய்பவர்கள் என்று கே.எஃப்.எஃப். ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விவசாயிகள், பண்ணையாளர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தச் சந்தையை நம்பியிருக்கிறார்கள்.

'ஒபாமாகேர்' என்று பேர்பெற்ற சட்டம் 2010 மார்ச் 23-இல் கையெழுத்தானது. சந்தை வழியாக வாங்கிய காப்பீடு 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நோய் இருக்கிறது என்று சொல்லிக் காப்பீட்டை மறுக்கக் கூடாது. பெண் என்பதற்காகக் கூடுதலாக வாங்கக் கூடாது. வயதில் மூத்தவரிடம் 21 வயதுக்காரரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வசூலிக்கும் ஒவ்வொரு டாலரிலும் குறைந்தது 80 சென்ட்டை மருத்துவத்துக்கும் அதன் தரத்தை உயர்த்துவதற்கும் செலவிட வேண்டும். இவையெல்லாம் அந்தச் சட்டத்தின் விதிகள்.

அளவுகோல் எப்படி வேலை செய்கிறது?

மானியத்தின் பெயர் பிரீமியம் வரிக் கழிவு. பெயரில் வரி இருந்தாலும், ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாதாமாதம் அரசே காப்பீட்டு நிறுவனத்துக்கு நேராகக் கட்டிவிடும்.

காப்பீட்டுத் திட்டங்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு தரம். சராசரியாகப் பார்த்தால் மருத்துவச் செலவில் வெண்கலம் 60 சதவீதம், வெள்ளி 70, தங்கம் 80, பிளாட்டினம் 90 சதவீதத்தை ஏற்கும். ஒருவர் வசிக்கும் பகுதியில் கிடைக்கும் வெள்ளித் திட்டங்களில், விலை குறைந்ததிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வருவதுதான் கணக்குக்கு அளவு. அவர் தன் வருமானத்தில் இத்தனை சதவீதம் தரலாம் என்று சட்டம் ஓர் எண்ணை வைக்கிறது. அளவுத் திட்டத்தின் விலைக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசமே மானியம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மானியம் பெறுகிறவருக்கு விலை ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவர் பங்கு ஒன்றுதான்; ஏற்றத்தை அரசு தாங்கும். மானியம் பெறாதவருக்கோ ஏற்றம் முழுதும் தலையில் இறங்கும். ஆகவே மானியம் எந்த வருமானத்தில் நிற்கிறது என்பது, மானியம் எவ்வளவு என்பதைவிடப் பெரிய கேள்வி.

2014-இல் வைத்த முதல் அளவுகோல் இப்படி இருந்தது: வறுமைக்கோட்டை ஒட்டி வாழ்பவர் வருமானத்தில் 2 சதவீதம் தரவேண்டும். படிப்படியாக ஏறி, வறுமைக்கோட்டின் 3 மடங்கில் 9.5 சதவீதம். 4 மடங்கு வரை அதே 9.5. அதைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. 2020-க்கான காப்பீட்டில் தனிநபருக்கு அந்த எல்லை 49,960 டாலர்.

முதல் ஆண்டில் 80 இலட்சம் பேர் சேர்ந்தார்கள். 2016-இல் 1.27 கோடி. அதற்குப் பிறகு இறங்குமுகம், 2020-இல் 1.14 கோடி. காரணங்களில் முக்கியமானது விலை. 2017 அக்டோபரில், ஏழை நோயாளிகளின் கைச்செலவைக் குறைப்பதற்காகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தந்துவந்த ஈட்டுத்தொகையை அரசு நிறுத்தியது. நிறுவனங்கள் அந்தப் பாரத்தை வெள்ளித் திட்டங்களின் விலையில் ஏற்றின. 40 வயதுக்காரருக்கான அளவுத் திட்டத்தின் சராசரி மாதப் பிரீமியம் 2017-இல் 359 டாலராக இருந்தது, 2018-இல் 481 டாலராகியது. மானியம் பெற்றவர்களை அது தொடவில்லை. எல்லைக்கு ஒரு படி மேலே நின்றவர்களை முழுதாகத் தாக்கியது. காப்பீடு இல்லாதவர்களுக்கான மத்திய அபராதமும் 2019 முதல் பூஜ்யமாக்கப்பட்டது. ஆரோக்கியமாக இருப்பவரைச் சந்தைக்குள் பிடித்துவைக்க மானியத்தைத் தவிர வேறு கயிறு இல்லை என்ற நிலை அப்போதே வந்துவிட்டது.

வரவு: 2021 முதல் 2025 வரை

கொரோனா நிவாரணச் சட்டம் 2021 மார்ச் 11-இல் கையெழுத்தானது. அளவுகோலை அது இரண்டு இடத்தில் மாற்றியது. வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கு வரை வருமானம் உள்ளவர் அளவுத் திட்டத்துக்கு எதுவும் தரவேண்டாம். 4 மடங்கைத் தாண்டியவர் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் தரவேண்டாம். இடையில் இருப்பவர்களுக்கும் ஒவ்வொரு படியிலும் பங்கு குறைந்தது. முதலில் இரண்டு ஆண்டுக்கு என்றார்கள். 2022 ஆகஸ்ட் 16-இல் கையெழுத்தான இன்னொரு சட்டம் அதை 2025 முடிய நீட்டித்தது.

சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்:

2020: 1.14 கோடி
2021: 1.20 கோடி
2022: 1.45 கோடி
2023: 1.64 கோடி
2024: 2.14 கோடி
2025: 2.43 கோடி

ஐந்தே ஆண்டில் இரட்டிப்புக்கு மேல். இது முழுதும் மானியத்தின் வரவு என்று எழுதிவிட முடியாது. கொரோனாக் காலத்தில் யாரையும் நீக்காமல் வைத்திருந்த மெடிக்கெய்டிலிருந்து, 2023 ஏப்ரல் முதல் இலட்சக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதி இங்கே வந்தது. ஆனால் அப்படி வந்தவர்கள் நடுத்தெருவில் நிற்காமல் ஒரு திட்டத்துக்குள் நுழைய முடிந்தது எதனால்? பலருக்கு அது பூஜ்யப் பிரீமியத்தில் கிடைத்ததால்தான்.

எந்த மாநிலங்களில் அதிகம் வளர்ந்தது என்பதும் இந்தப் பேரேட்டில் எழுதத்தக்கது. டெக்சாஸில் 2020-இல் 11 இலட்சம் பேர் இருந்தார்கள். 2025-இல் 39 இலட்சத்துக்கு மேல். ஃபுளோரிடாவில் 19 இலட்சம் 47 இலட்சமாயிற்று. ஜார்ஜியாவில் 4.6 இலட்சம் 15 இலட்சமாயிற்று. மூன்றும் ஒபாமாகேர் சட்டத்தை அரசியலில் கடுமையாக எதிர்த்த மாநிலங்கள். வீட்டுக் கணக்குப் போட்டவர்கள் கட்சி பார்த்துச் சேரவில்லை.

நாடு முழுவதும் 2010-இல் காப்பீடு இல்லாதவர்கள் 4.86 கோடி, மக்களில் 16 சதவீதம். 2023-இல் 2.5 கோடி, 7.6 சதவீதம். மெடிக்கெய்டு விரிவாக்கம், இந்தச் சந்தை, வேலைவாய்ப்பு எல்லாம் சேர்ந்து தந்த இறக்கம் இது.

2024-இல் சந்தையில் விற்ற திட்டங்களின் சராசரி மாதப் பிரீமியம் 605 டாலர். மானியம் பெற்றவர்களுக்கு அரசு மாதம் சராசரியாக 536 டாலர் கட்டியது. சந்தைக்கு வந்த 10 பேரில் 9 பேருக்கு மேல் மானியம் பெற்றவர்கள். அதாவது இங்கே மானியம் என்பது விலையில் ஒரு சிறு தள்ளுபடி அல்ல. அந்தச் சந்தையையே தூக்கி நிறுத்தியிருக்கும் தூண்.

செலவு

இப்போது எதிர்ப்பக்கம். 2021, 2022 என்ற இரண்டு ஆண்டுக்குக் கூடுதல் மானியத்துக்கான செலவை நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் சுமார் 3,400 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அடுத்த மூன்றாண்டு நீட்டிப்புக்கு 6,400 கோடி. இனி நிரந்தரமாக்கினால் 2026 முதல் 2035 வரை பத்தாண்டில் 35,000 கோடி டாலர் என்று 2025 செப்டம்பரில் சொன்னது. ஆண்டுக்குச் சராசரி 3,500 கோடி.

அதே அலுவலகத்தின் கணக்குப்படி, நிரந்தரமாக்கினால் 2035-இல் காப்பீடு உள்ளவர்கள் 38 இலட்சம் பேர் கூடுவார்கள். 3,500 கோடியை 38 இலட்சத்தால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 9,200 டாலர். எதிர்ப்பவர்கள் கையில் எடுக்கும் எண் இதுதான்: புதிதாக ஒருவரைச் சேர்க்க இத்தனை செலவா?

எண் சரி. ஆனால் அது பாதிக் கணக்கு. அந்தப் பணம் புதியவர்களுக்கு மட்டும் போகவில்லை. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்டோரின் மாதச் சுமையையும் அது குறைக்கிறது. மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் மாறிமாறிக் கணக்குப் பார்க்கும் வீட்டில் ஆயிரம் டாலர் மிஞ்சுவது செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதவேண்டிய வரி அல்ல.

இன்னும் இரண்டு குறைகளை ஒளிக்காமல் எழுதவேண்டும். முதலாவது, மோசடி. பிரீமியம் பூஜ்யம் என்றால் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் திட்டம் எடுத்துத் தரகு வாங்கிவிட முடியும். 2024 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, சம்மதமில்லாமல் சேர்த்துவிட்டார்கள் என்று 1.83 இலட்சம் புகாரும், சம்மதமில்லாமல் திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று 90 ஆயிரம் புகாரும் மத்திய அரசுக்கு வந்தன. 850 முகவர்களின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. மாதம் 5 டாலர் பில் வந்திருந்தால் பலருக்கு உண்மை முன்னமே தெரிந்திருக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

இரண்டாவது, மானியம் விலையைக் குறைப்பதில்லை. விலையில் யார் எவ்வளவு கட்டுவது என்பதை மட்டும் மாற்றுகிறது. அமெரிக்கா 2023-இல் மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 இலட்சம் கோடி டாலர். தலைக்கு 14,570 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். மருத்துவமனைக் கட்டணமும் மருந்து விலையும் இதே வேகத்தில் ஏறினால் எந்த மானியமும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். இதை ஏற்றுக்கொண்டபின் ஒரு கேள்வி எழுகிறது. அந்த ஏற்றத்தை நிறுத்தும்வரை அதை யார் தாங்குவது? ஆண்டுக்கு 3,500 கோடி என்பது 4.9 இலட்சம் கோடியில் ஒரு சதவீதம்கூட இல்லை.

இன்னொரு மானியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2025-இல் நிறுவனம் வழியாக வந்த குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் 26,993 டாலர். அதில் ஊழியர் கட்டியது 6,850. மீதி 20,143 டாலர் நிறுவனத்தின் பங்கு. அதற்கு ஊழியர் வருமான வரி கட்டுவதில்லை. 1954 வரிச்சட்டத்தில் உறுதியான சலுகை இது. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டாலர் சம்பாதிக்கும் அதிகாரிக்கும் அது உண்டு. எந்த வருமானத்திலும் அது அறுந்துபோவதில்லை. 4 மடங்கில் கத்தி இறங்குவது தனிநபர் சந்தையில் வாங்குபவருக்கு மட்டும்தான்.

2026-இன் புதிய விலை

நீட்டிப்பு முடிந்ததும் பழைய அளவுகோல் திரும்பிவந்தது. கொஞ்சம் உயர்ந்த எண்களோடு. அடித்தட்டில் 2.10 சதவீதம், 3 முதல் 4 மடங்கு வரை 9.96 சதவீதம், மேலே வெறுமை. தனிநபருக்கு வறுமைக்கோடு 15,650 டாலர். 4 மடங்கு 62,600.

தனியாக வாழும் ஒருவர் 2026-இல் அளவுத் திட்டத்துக்கு ஆண்டு முழுதும் கட்டவேண்டிய தொகை, சுமாராக:

வருமானம் 22,000 டாலர்: நீட்டித்திருந்தால் 0, இப்போது 794
வருமானம் 28,000: நீட்டித்திருந்தால் 325, இப்போது 1,562
வருமானம் 35,000: நீட்டித்திருந்தால் 1,033, இப்போது 2,615
வருமானம் 45,000: நீட்டித்திருந்தால் 2,476, இப்போது 4,312
வருமானம் 62,600: நீட்டித்திருந்தால் 5,321, இப்போது 6,235
வருமானம் 65,000: நீட்டித்திருந்தால் அதிகபட்சம் 5,525, இப்போது முழு விலை

முதல் வரியில் கண்ணை நிறுத்துங்கள். டாலருக்கு 90 ரூபாய் என்று கொண்டால் 794 டாலர் என்பது 71,000 ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் 22,000 டாலரில் வாழ்பவர் வாடகை போக மிச்சம் வைக்கிறவர் அல்லர். அவருக்கு 0-விலிருந்து 794 என்பது சதவீதத்தில் சொல்லமுடியாத ஏற்றம்.

கடைசி வரியில் 'முழு விலை' என்பது வயதைப் பொறுத்தது. 40 வயதுக்காரருக்கான அளவுத் திட்டம் 2025-இல் மாதம் சராசரி 497 டாலர், 2026-இல் 625. ஒரே ஆண்டில் 26 சதவீதம் ஏற்றம். ஆகவே அவருக்கு ஆண்டுக்கு 7,500. பெரும்பாலான மாநிலங்களில் வழங்கும் வயது விகிதப்படி 60 வயதுக்காரருக்கு 15,900. இளைஞர் தடுக்கி விழும் இடத்தில் முதியவர் மாடியிலிருந்து விழுகிறார்.

நான்கு பேர் கொண்ட குடும்பம் 75,000 டாலர் வருமானத்தில் ஆண்டுக்கு 2,500 கட்டியிருக்கும். இப்போது ஏறக்குறைய 5,870. மானியம் பெறும் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், அதே திட்டத்தில் தொடர்வதற்கான சராசரிப் பங்கு 2025-இல் 888 டாலர், 2026-இல் 1,904 டாலர் என்று கே.எஃப்.எஃப். மதிப்பிட்டது. 114 சதவீத ஏற்றம்.

இத்தனை கட்டியபின் நோய் வந்தால் செலவு முடிந்துவிடுவதில்லை. 2026-இல் ஒரு தனிநபர் பிரீமியத்துக்கு மேல் தன் கையிலிருந்து தரவேண்டிய தொகைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சம் 10,600 டாலர், குடும்பத்துக்கு 21,200. பிரீமியம் தாங்காமல் வெள்ளியிலிருந்து வெண்கலத்துக்கு இறங்குகிறவர் மாதச் சுமையைக் குறைத்துக்கொள்கிறார்; நோய் வரும் நாளில் அதைத் திரும்பத் தருகிறார். குறைந்த வருமானக்காரருக்கு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. ஒன்றரை மடங்கு வரை வருமானம் உள்ளவர் வெள்ளித் திட்டம் எடுத்தால் அது 70 சதவீதத்துக்குப் பதில் 94 சதவீதச் செலவை ஏற்கும்; 2 மடங்கு வரை 87. வெண்கலத்துக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும்.

ஆரோக்கியமானவர்கள்தான் முதலில் விலகுவார்கள். நீரிழிவும் புற்றுநோயும் உள்ளவர் எப்பாடு பட்டாவது கட்டுவார். இருப்பவர்களில் நோயாளிகளின் பங்கு கூடும்போது அடுத்த ஆண்டு விலை இன்னும் ஏறும். நீட்டிக்காவிட்டால் காப்பீடு இல்லாதவர்கள் 2026-இல் 22 இலட்சமும் 2027-இல் 37 இலட்சமும் கூடுவார்கள், பிரீமியம் 2034 வரை சராசரியாக 7.9 சதவீதம் உயரும் என்று வரவுசெலவு அலுவலகம் 2024 டிசம்பரிலேயே எழுதியது. மானியம் வாங்காத வசதியுள்ளவரும் அந்த 7.9-ஐக் கட்டுவார்.

இது தெரியாமல் நடந்தது அல்ல. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்ததற்கு நடுநாயகமான காரணம் இந்த மானியம்தான். டிசம்பர் 11-இல் மூன்றாண்டு நீட்டிப்பு மேலவையில் 51 வாக்குப் பெற்றது, 60 வேண்டும். 2026 ஜனவரி 8-இல் கீழவை அதை 230-க்கு 196 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அதற்குள் புதிய ஆண்டின் முதல் பில் வீடுகளுக்குப் போய்விட்டது.

சில மாநிலங்கள் தங்கள் பணத்தைப் போட்டன. நியூ மெக்சிகோ இழந்த மானியத்தை ஈடுகட்ட முன்வந்தது. கலிஃபோர்னியா 19 கோடி டாலர் ஒதுக்கியது. அது வறுமைக்கோட்டின் 165 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே எட்டியது. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் அப்படி ஒரு கை நீளவில்லை.

அடியிலும் ஒரு பள்ளம்

மேலே இருக்கும் பள்ளத்தைப் பற்றிப் பேசும்போது கீழே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். சட்டம் எழுதியவர்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் மெடிக்கெய்டில் சேர்வார்கள் என்று எண்ணி, மானியத்தை வறுமைக்கோட்டிலிருந்து தொடங்கினார்கள். 2012 ஜூன் 28-இல் உச்ச நீதிமன்றம், மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. 10 மாநிலங்கள் இன்னும் முழுதாக விரிவாக்கவில்லை.

விளைவு: டெக்சாஸில் பிள்ளையில்லாத, உடல் ஊனமற்ற ஒருவர் ஆண்டுக்கு 15,650 டாலர் சம்பாதித்தால் அவர் பங்கு ஆண்டுக்குச் சுமார் 329 டாலர். 15,000 டாலர் சம்பாதித்தால் மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை, முழு விலை. இப்படி இடையில் விழுந்து கிடப்பவர்கள் சுமார் 14 இலட்சம். கூடுதல் மானியம் இருந்த ஐந்து ஆண்டிலும் இவர்களுக்கு ஒரு சென்ட்கூடப் போய்ச் சேரவில்லை.

தமிழ்க் குடும்பங்களைத் தொடும் வரி

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் நிறுவனக் காப்பீட்டில் இருப்பதால் இது நமக்கல்ல என்று நினைக்கலாம். இரண்டு இடத்தில் இது வீட்டு வாசலுக்கு வருகிறது.

ஒன்று, ஊரிலிருந்து கிரீன் கார்டில் போன பெற்றோர். 65 வயது ஆகியிருந்தாலும் அங்கே வேலை செய்து வரி கட்டாதவர்கள், ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தபிறகுதான் பணம் கட்டி மெடிகேர் வாங்க முடியும். மெடிக்கெய்டுக்கும் பொதுவாக அதே ஐந்தாண்டுக் காத்திருப்பு. அதுவரை பலருக்கு இந்தச் சந்தைதான் புகலிடம். பிள்ளைகளின் வரிக்கணக்கில் சேராமல் தனியே கணக்குக் காட்டும் பெற்றோருக்கு, வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மானியம் தரும் விதிவிலக்கு இருந்தது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான வரிச்சட்டம் அதை 2026 முதல் நீக்கிவிட்டது.

இரண்டு, எச்-1பி விசாவில் இருப்பவர்கள். வேலை மாறும் இடைவெளியில் இந்தச் சந்தையில் மானியத்தோடு வாங்க அவர்களுக்கு உரிமை இருந்தது. 2027 ஜனவரி முதல் அதுவும் இல்லை. அதே சட்டம் எல்லாருக்குமாக இன்னொன்றும் செய்தது: வருமானத்தைக் குறைவாக மதிப்பிட்டு அதிக மானியம் வாங்கிவிட்டால், 4 மடங்குக்குக் கீழே இருப்பவர்கள் திருப்பிக் கட்டுவதற்கு இருந்த உச்சவரம்பு 2026 முதல் போய்விட்டது. மாதச் சம்பளம் இல்லாமல், இந்த மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கும் வருமானத்தில் வாழ்பவர் ஜனவரியில் டிசம்பரைச் சரியாக ஊகிக்க வேண்டும்.

ஐந்தொகை

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கிறேன். ஆண்டுக்கு 3,500 கோடி டாலர் மிச்சம் என்று அரசின் ஏடு சொல்கிறது. ஆனால் அந்தத் தொகை எங்கும் கரைந்துபோகவில்லை. இரண்டு கோடிப் பேரின் மாத பில்லில் கொஞ்சம் ஏறியது. காப்பீடு இல்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரின் வாராக் கடனாக மருத்துவமனை ஏட்டில் கொஞ்சம் ஏறும். மானியம் வாங்காதவரின் பிரீமியத்தில் 7.9 சதவீதமாகக் கொஞ்சம் ஏறும். பரிசோதனையைத் தள்ளிப்போட்டவரின் உடம்பில் ஏறுவதை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை.

என் தீர்ப்பு இது. அளவுகோலின் எண்களைப் பற்றிப் பேரம் பேசலாம், 8.5 என்பது 9 ஆகலாம், அடித்தட்டில் மாதம் சில டாலர் வாங்கலாம், முகவர் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தலாம். 10 மாநிலங்களில் விழுந்து கிடப்பவர்களுக்கு மத்திய அரசே நேராகத் திட்டம் தரலாம். ஆனால் எந்த வருமானத்திலும் மானியம் அறுந்து விழக் கூடாது, சரிந்து இறங்கட்டும். வருமானத்தில் இத்தனை பங்குக்கு மேல் காப்பீட்டுக்குப் போகாது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கூரை எல்லாருக்கும் வேண்டும். ஏனென்றால் காப்பீடு வாங்குவதே, நாளை வரும் செலவு எவ்வளவு என்று தெரியாத பயத்தை இன்று தெரிந்த ஒரு தொகையாக மாற்றிக்கொள்ளத்தான். அந்தத் தொகையே தெரியாமல் போனால் வாங்கியது காப்பீடு அல்ல.

அந்த 60 வயதுத் தம்பதிக்கு 2025 வரை அந்தத் தொகை தெரிந்திருந்தது: நூற்றுக்கு எட்டரை. இப்போது அவர்கள் நவம்பரில் உட்கார்ந்து, டிசம்பரில் வரும் ஒரு சின்ன வேலையை ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. உழைக்க மனமிருப்பவரை உழைக்காதே என்று சொல்லும் அந்த ஒரு டாலரைத்தான் இந்தப் பேரேட்டிலிருந்து முதலில் அடித்துத் திருத்த வேண்டும்.